பேக்கேஜில் வராத சேலை

"பார்ட்டி எந்தத் தெருவுலம்மா?" என்று கேட்டார் ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுகிறவர். ஒரு கையில் போன், மறு கையில் டீ கிளாஸ். பெட்டியை வேனில் ஏற்றுவதற்கு டிரைவர் எங்கே என்று அவர் கண் தேடிக்கொண்டிருந்தது.

"நான்தான் பார்ட்டி" என்றேன்.

டீ அவர் வேட்டியில் சிந்தியது.

"பதறாதீக. இப்ப வேண்டாம். செத்தபொறவுதான் வேணும். இன்னைக்கே பேசி முடிச்சு, துட்டையும் குடுத்துட்டுப் போயிரலாம்னு வந்தேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என்னைத் தேடிக்கொண்டு யாராவது பின்னால் வருகிறார்களா என்று ரோட்டைப் பார்த்தார். ராஜபாளையத்தில் சங்கரன்கோவில் முக்கில் இருக்கிறது அந்தக் கடை. காலை நேரம், பஸ்ஸும் ஆட்டோவும் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. எனக்காக யாரும் வரவில்லை.

"வீட்டுல எதும் சண்டையாம்மா?"

"சண்டை போட ஆளு இருந்தாத்தான."

அதற்கு மேல் நிற்கப் பொறுக்காமல் நானே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நான் இப்படித்தான். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற பேண்டேஜ் துணி கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். லாரி வந்து நின்ற பிறகு மூட்டை கட்டுகிறவர்களைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு ஆகாது. லாரி வரும் முன்னே மூட்டை வாசலில் இருக்க வேண்டும். மதுரைக்குக் காலை பஸ்ஸில் போவதென்றால் முந்தின நாள் மத்தியானமே பையைக் கட்டி வைத்துவிட்டு, அதைப் பத்துத் தடவை திறந்து பார்ப்பேன். "ஒங்கூட ஊருக்குப் போறதுக்கு நடந்தே போயிரலாம்" என்பார் என் வீட்டுக்காரர். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். எதையும் கட்டி வைக்காமல் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்படியே போய்விட்டார்.

சாவை நான் யோசிக்க ஆரம்பித்தது அதனால் இல்லை. எதிர்வீட்டுத் துட்டியால், அங்கே விழுந்த சாவால். தெலுங்கு பேசுகிற குடும்பம், நல்ல மனிதர்கள். பெரியவர் இறந்த அன்று, சென்னையில் இருக்கும் மகன் ஒரு ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்லிவிட்டான். கோயம்புத்தூரில் இருக்கும் மகன் இன்னொரு பெட்டிக்குச் சொல்லிவிட்டான். இரண்டு பெட்டியும் ஒரே நேரத்தில் வாசலில் வந்து இறங்கின. எதைத் திருப்பி அனுப்புவது என்று இரண்டு பேரும் போனிலேயே கத்திக்கொண்டார்கள். நடுவே பெரியவர் பெஞ்சில் வெயில் முகத்தில் அடிக்கக் கிடந்தார். நான் போய் என் முந்தானையால் மறைத்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கே முடிவு செய்தேன், என் சங்கதியை நானே முடித்து வைத்துவிட்டுத்தான் போவது என்று.

எனக்கு ஒரே மகள். பூனாவில் இருக்கிறாள். நான் போன செய்தி கேட்டு அவள் விமானம் பிடித்து மதுரையில் இறங்கி இங்கே வந்து சேர வேண்டும். வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்து அழ வேண்டும். வண்டி எங்கே கிடைக்கும், சங்கு ஊதுகிறவர் யார் என்று போனைத் தடவிக்கொண்டு நிற்கக் கூடாது. இதைச் சொன்னால் கத்தினாள்.

"அம்மா, ஒனக்கு என்ன ஆச்சு? செக்கப் பண்ணுனியா?"

"பண்ணுனேன். எல்லாம் நார்மல். அதான் இப்பவே பேசுதேன்."

போனை வைத்துவிட்டாள். சாயங்காலம் மருமகன் கூப்பிட்டார். அவர் கிறிஸ்தவக் குடும்பத்துப் பையன். "அத்தை, எங்க பெரியப்பா பெட்டிக்கு அளவே குடுத்துட்டுத்தான் போனாரு. அவ அழுவா, நீங்க ஏற்பாட்டப் பாருங்க" என்றார். மருமகன் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்ட ஃப்ரீசர் பெட்டிக்காரர் மெல்ல மெல்லத் தொழிலுக்கு வந்தார்.

"சங்கு, சேகண்டி உண்டும்லாம்மா?"

"உண்டு. சத்தம் கொஞ்சம் கொறச்சலா."

"சங்க எப்பிடிம்மா கொறச்சலா ஊத? சரி, சொல்லிப் பாக்கேன். வெடி?"

"கூடாது. தெரு நாய்க பயந்து ஓடுது."

"ஃப்ளெக்ஸ்?"

"கூடவே கூடாது. என் ஆதார் போட்டோவப் பாத்திருக்கீகளா?"

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். என்னை ஏற்றிப் போகிற வண்டியில் கலர் லைட் எரியக் கூடாது என்றேன். அது ஆட்டோமேட்டிக் என்றார். ஆட்டோமேட்டிக் என்றாலும் ஒரு வயரைப் பிடுங்கினால் அணையும் என்றேன். தலையை ஆட்டினார். கொள்ளி வைப்பது யார் என்று கேட்டார். மகள் என்றேன். "இப்ப அதெல்லாம் நடக்குது" என்றார். நெய்ப்பந்தம் என் பேத்தி பிடிப்பாள், நெய்யைக் கம்மியாக ஊற்றுங்கள், கையைச் சுட்டுக்கொள்வாள் என்றேன்.

"பொறந்த வீட்டுக் கோடி?"

"அதையும் நீங்களே எடுத்துருங்க. நல்ல காட்டனா."

அவர் கையில் இருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அது மட்டும் நம்ம பேக்கேஜ்ல வராதும்மா."

"துட்டுத் தாரேம்லா."

"துட்டு இல்லம்மா விசயம். பெட்டி நாங் குடுப்பேன், வண்டி நாங் குடுப்பேன், அழுவதுக்கு ஆளு வேணும்னாலும் கூட்டியாந்துருவேன். ஒங்க பொறந்த வீட்டு ஆளா நான் வந்து நிக்க முடியுமா? கோடி வராமப் பொம்பளப் பொணத்த எடுக்க விடமாட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் காத்துக் கெடந்ததெல்லாம் எம்புட்டுப் பாத்திருக்கேன்."

எங்கள் பக்கம் அப்படித்தான். ஒரு பெண் எந்த வயதில் செத்தாலும், எத்தனை பேரன் பேத்தி எடுத்திருந்தாலும், கடைசியாக அவள் மேல் போடும் புதுச்சேலை பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். அதுதான் கோடி. அப்பா இல்லையென்றால் அண்ணன், இல்லையென்றால் தம்பி, அதுவும் இல்லையென்றால் பங்காளி வகையில் ஒருத்தர் அதைக் கொண்டுவந்து நிற்க வேண்டும்.

"பொறந்த வீடு எதும்மா?"

"ஸ்ரீவில்லிபுத்தூரு. தம்பி இருக்கான்."

"பேச்சுவார்த்தை இருக்கா?"

"இருக்கு" என்றேன். இல்லை.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, அட்வான்ஸ் வாங்க மாட்டேன் என்றார். சாவு வியாபாரத்துக்கு நல்ல நாள் பார்க்கிற மனிதரோடு என்னால் வாதாட முடியவில்லை. துட்டை மேஜைமேல் வைத்து, அது பறக்காமல் இருக்க டீ கிளாஸையும் மேலே வைத்துவிட்டு நடந்தேன்.

தம்பிக்கும் எனக்கும் பேச்சு நின்றது என் மகள் கல்யாணத்தில். சர்ச்சில் கொடுத்த தேதிக்குக் கார்டு அடித்து, முதல் கார்டை அவனுக்குத்தான் எடுத்துக்கொண்டு போனேன். தாய்மாமனைக் கேட்காமல் தேதி குறித்துக் கார்டும் அடித்தாகிவிட்டதா என்றான். மாப்பிள்ளை வேறு மதம் என்பது அவன் வாயில் வரவே இல்லை, அவன் அதற்கெல்லாம் முகம் சுளிக்கிறவன் இல்லை. கேட்கவில்லை என்பதுதான் அவனுக்கு. சர்ச்சில் கொடுக்கிற தேதியை நான் எப்படி மாற்ற? அது தப்பு என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் அவன் வரவில்லை. தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் மாலையை வைத்துக்கொண்டு நின்றார். அதன்பிறகு வருஷங்கள் ஓடிவிட்டன. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் பஸ் ஏறினால் அரை மணி நேரம் கூட ஆகாது.

அதற்கு முன்னால், என் வீட்டுக்காரர் இறந்தபோது வந்தான். கணவன் செத்தாலும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடி உண்டு. ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு என்னைவிட அதிகமாக அழுதவன், கையில் ஊதா நிறத்தில் அட்டை போல விறைப்பாக ஒரு சேலை வைத்திருந்தான். எனக்குச் சின்ன வயதிலிருந்து ஊதா ஆகாது. அந்த அழுகைக்கு நடுவிலும், "ஊதாவாலே கெடச்சுது?" என்று கேட்டுவிட்டேன். சுற்றி இருந்த பொம்பளைகள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

அவன் வருவானா? எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். பெட்டி வரும், வண்டி வரும், அதற்கெல்லாம் துட்டுக் கொடுத்தாகிவிட்டது. அவன் வராவிட்டால், எனக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இருந்ததே இல்லை என்று ஆகிவிடும். வாசலில் நாலு பேர் "அவ தம்பி வரலையாம்" என்று பேசுவார்கள். என் மகள் அதைக் கேட்டுக்கொண்டு தலை குனிந்து நிற்பாள். இதை நினைத்தால் என்னால் உட்கார முடியவில்லை. அலமாரியைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடியும் துடைத்தேன். பஞ்சு மார்க்கெட் வரைக்கும் நடந்துபோய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் கொத்தமல்லிக் கட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பினேன். எதிர்வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "ஊருகோம்மா, ஊருகோ", சும்மா இரும்மா என்று தெலுங்கில் அமர்த்தினாள்.

எனக்கு ஒரு வழி தோன்றியது. கோடியையும் நானே எடுத்துவிடுவது. எடுத்து அவன் கையில் கொடுத்துவிடுவது. "ஒனக்குச் செலவு இல்ல. நான் செத்தா இதக் கொண்டாந்து போடு. வந்து நின்னாப் போதும்" என்று சொல்லிவிட்டு, அவன் பதில் சொல்வதற்குள் பஸ் ஏறிவிடுவது.

ஜவுளிக்கடையில் அரக்கு பார்டர் வைத்த பச்சைக் காட்டன் சேலை ஒன்று கண்ணில் பட்டது. மெத்தென்று நல்ல துணி. யாருக்கு என்று கேட்டாள் கடைப்பெண். எனக்குத்தான் என்றேன். "மேல வச்சுக் கண்ணாடில பாருங்கம்மா" என்றாள். தோளில் போட்டுப் பார்த்தேன். எனக்கு நன்றாக இருந்தது. இதைப் போட்டிருக்கிற அன்றைக்கு என்னை நான் பார்க்கப் போவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் கூடுதலாகவே நின்றேன்.

பஸ்ஸில் அந்த வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த மம்சாபுரத்து அம்மா, நான் ஜெபம் பண்ணுகிறேன் என்று நினைத்து ஒதுங்கி உட்கார்ந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டாண்டு வந்தது. எழுந்தேன். கோபுரம் தெரிந்தது. மறுபடியும் உட்கார்ந்தேன். "எறங்கலையாம்மா?" என்றார் கண்டக்டர். "கிருஷ்ணன்கோவிலுக்கு ஒரு டிக்கெட் குடுங்க" என்றேன். அங்கே இறங்கி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவில் நின்று ஒரு பன்னீர் சோடா குடித்தேன். அவர்கள் எல்லோரும் எங்கேயோ போகத் தெரிந்தவர்கள் மாதிரி போய்க்கொண்டிருந்தார்கள். என்மேலே எனக்கு எரிச்சல் வந்தது. எதிர்ப்பக்கம் போய்த் திரும்பி வருகிற பஸ்ஸில் ஏறினேன்.

தம்பி வீட்டு முன்பக்கம் கடை. எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் புதுக் காயில் கட்டிக் கொடுக்கிறான். பின்பக்கம் வீடு. நான் செருப்பைக் கழற்றும்போதே தம்பி பெண்டாட்டி பார்த்துவிட்டாள்.

"மதினி!" என்றாள். கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். "அவிய கூமாப்பட்டிக்குப் போயிருக்காவ, ஒரு தோட்டத்துல மோட்டார் மாட்ட. இப்ப வந்துருவாவ. இருங்க, காப்பி போடுதேன். இல்ல, சாப்பாடே போடுதேன்."

பேசிக்கொண்டே என் கையில் இருந்த பையை வாங்கிவிட்டாள். சொந்தக்காரி வீட்டுக்கு வந்தால் பையை வாங்கி வைப்பது வழக்கம். அதில் ஜவுளிக்கடைப் பெட்டி இருந்தால் திறந்து பார்ப்பதும் வழக்கம். அது ஆடி மாதம். ஆடிப்பூரத் தேருக்கு இன்னும் சில நாட்கள்தான் இருந்தன.

"தேருக்கு எனக்குச் சேலையா மதினி?" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். ஒரு பேக்கிங் ஷெட்டு நிறையப் பெண்களை மேய்த்த வாய் அது. ஒரு சொல் வரவில்லை. அவள் சேலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இம்புட்டு நாள் கழிச்சு வந்தும் வெறுங்கையோட வரலையே நீங்க" என்று அழுதாள். அழுதுகொண்டே சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்து, நாலு ஓரத்திலும் மஞ்சள் தடவினாள். என் கோடியில் மஞ்சள் ஏறுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தம்பி வந்தான். கையெல்லாம் கிரீஸ். முதலில் என் செருப்பைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"எப்ப வந்த?"

"செத்த நேரம் ஆச்சு."

"சாப்பிட்டியா?"

"ஆச்சு."

இத்தனை வருஷத்துக்குப் பிறகு நாங்கள் பேசியது அவ்வளவுதான். கை கழுவப் பின்னால் போனான். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. கிரீஸ் போக அவ்வளவு நேரம் ஆகாது. அவன் வெளியே வருவதற்குள் நான் கிளம்பிவிட்டேன்.

பல்லி கத்துவதற்கும் பூனை குறுக்கே போவதற்கும் பயப்படுகிறவள் இல்லை நான். ஆனால் இது என்னைப் பாடாய்ப் படுத்தியது. கோடி என்று மனதில் நினைத்து எடுத்த சேலை. அதைத் தாலியோடு இருக்கிற ஒருத்தி நல்ல நாளில் கட்டலாமா? ஏதாவது ஆகிவிட்டால்? தம்பி பெண்டாட்டி தினமும் போன் பண்ணினாள். பிளவுஸ் தைக்கக் கொடுத்தாயிற்றாம். கை கொஞ்சம் பிடிக்கிறதாம், பிரிக்கச் சொல்லியிருக்கிறாளாம். கலர் அவளுக்கு எடுப்பாக இருக்கிறது என்று தெருவே சொல்லுகிறதாம். வேறு ஒரு சேலை எடுத்துக் கொடுத்து அதை எப்படியாவது வாங்கிவிடலாம் என்று, தேரன்று காலையில் முதல் வேலையாக ஒரு மாம்பழக் கலர் சேலையோடு பஸ் ஏறினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கால் வைக்க இடம் இல்லை. தம்பி கடை வாசலில் அண்டா வைத்து, தேர் பார்க்க வருகிறவர்களுக்கு நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் பச்சைச் சேலையில், தலை நிறையப் பூவோடு அவள். நான் போன நேரம் பிந்திவிட்டது.

"வாங்க மதினி, டம்ளர எடுத்துக் குடுங்க" என்று என்னையும் வரிசையில் நிறுத்திவிட்டு, உப்பு எடுக்க உள்ளே போனாள். நான் டம்ளர் நீட்ட, தம்பி மோர் ஊற்றினான். இனிமேல் தாங்காது என்று தோன்றியது.

"ஏலே, அந்தச் சேலை அவளுக்கு எடுத்தது இல்லலே."

"பொறவு?"

"அது எனக்கு. என் கோடி."

அவன் கரண்டி அண்டாவுக்கு மேலேயே நின்றது. "அண்ணே, மோரு" என்றான் முன்னால் நின்றவன். தம்பி ஊற்றினான்.

"நீ வரமாட்டியோன்னு நானே எடுத்தேன். ஒங்கிட்டக் குடுத்து வைக்கலாம்னு வந்தேன். பெட்டி, வண்டி, எல்லாத்துக்கும் துட்டுக் குடுத்தாச்சு. இது ஒண்ணுதான் பாக்கி."

"ஆச்சி, என் தம்பிக்கு ஒரு டம்ளர்" என்றது ஒரு குழந்தை. கொடுத்தேன். தெருவில் வடம் பிடிக்கிறவர்கள் சத்தம் போட்டார்கள். தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் காது சிவந்திருந்தது. சின்ன வயதிலிருந்து அவன் கோபம் காதில்தான் தெரியும்.

"எவன்ட்ட குடுத்திருக்க?"

"சங்கரன்கோவில் முக்குல ஒருத்தருட்ட."

உப்போடு வந்து நின்றவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எனக்கு உயிர் போனது. அவள் தன் சேலையைக் குனிந்து பார்த்தாள். முந்தானையைத் தடவிப் பார்த்தாள்.

"மஞ்ச வச்சு உடுத்தியாச்சு மதினி. இனி இது என் சேலை. நல்ல துணி, நான் திருப்பித் தரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு உப்பை அண்டாவில் கொட்டிக் கலக்கினாள். நான் இத்தனை நாள் பயந்து செத்ததெல்லாம் அந்த மோரோடு மோராகப் போனது. ஆனால் தம்பி கடைசிவரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. தேர் நகர்ந்ததும் கூட்டத்துக்குள் போய்விட்டான். மாம்பழக் கலர் சேலையைத் திருப்பி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கொஞ்ச நஞ்சம் இருந்ததையும் கெடுத்துக்கொண்டேனோ என்று வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது.

அந்த வாரத்திலேயே ஃப்ரீசர் பெட்டிக்காரர் போன் பண்ணினார்.

"அம்மா, ஒங்க தம்பின்னு ஒருத்தரு வந்து உக்காந்திருக்காரு. அட்வான்சத் திருப்பிக் குடுங்காரு. யாரு நீங்கன்னு கேட்டா, பார்ட்டி நான்தாங்காரு."

ஆட்டோ பிடித்து ஓடினேன். அந்தக் கடை வாசலில் நடுவாகத் தம்பி நின்றுகொண்டிருந்தான்.

"ஏலே, ஒனக்கு இங்க என்ன சோலி?"

"ஒனக்கு என்ன சோலி? கூடப் பொறந்தவன் குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். வாடகைக் கடையில போயி நீயே ஒனக்குத் துட்டுக் கட்டி வச்சிருக்க. நான் செத்தா போயிட்டேன்?"

"மக கல்யாணத்துக்கு வராதவன் சாவுக்கு வருவான்னு நான் எதை வச்சு நம்ப?"

சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் தொண்டையில் கிடந்தது நடுரோட்டில் வந்து விழுந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவன் காது சிவந்து, பிறகு கண்ணும் சிவந்தது.

"அன்னைக்குப் பூரா நான் கடையத் தொறக்கல. தெரியுமா ஒனக்கு?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நீ சொன்னியா?"

"நீ கேட்டியா?"

இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. ஃப்ரீசர் பெட்டிக்காரர் இரண்டு நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார். துட்டி வீடுகளுக்குப் போய்வருகிற நாற்காலிகள். உட்கார்ந்தோம். டீ வந்தது. குடித்தோம். முடி இவ்வளவு நரைத்துவிட்டதே என்று அப்போதுதான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது, டீயை ஊதுகிற மாதிரி முகத்தைக் குனிந்துகொண்டேன்.

"புக் பண்ணுனதத் திருப்ப முடியாதுண்ணே" என்றார் கடைக்காரர் மெதுவாக.

தம்பி கிளாஸைக் கீழே வைத்தான். "பெட்டி, வண்டி, சங்கு எல்லாத்தையும் நீயே வச்சுக்க. கோடிய மட்டும் தொடாத. அது நான் எடுப்பேன்."

வருவான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை அலைச்சலும். அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். அப்படி இருந்தால் அது நான் இல்லை.

"சரி, பச்சையில, இந்த அரக்கு பார்டர் வச்சு..."

"நீ ஒண்ணும் சொல்லாத. நான் எடுக்கதத்தான் நீ உடுத்தணும். அத்தான் பொணம் கெடக்கும்போதே 'ஊதாவாலே'ன்னு கேட்டவ நீ. அன்னைக்கு ஒரு நாளாவது வாயத் தொறக்காமக் கெட."

கடைக்காரர் திரும்பிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை, அது எப்போது அழுகையானது என்று எனக்கே தெரியவில்லை. தம்பி என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்துபோய்த் தன் பைக்கை உதைத்தான்.

"மெதுவாப் போலே" என்றேன். எப்போதும் சொல்கிறதுதான். ஆனால் எனக்கு முன்னால் இவன் போய்விடக் கூடாதே என்ற புதுக் கவலை அந்த நிமிஷமே வந்து உட்கார்ந்துகொண்டது. இதற்கு எந்தக் கடையில் அட்வான்ஸ் கட்ட முடியும்?

வண்டி முக்குத் திரும்பப் போனது. என்னால் முடியவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து ரோட்டுக்கு வந்துவிட்டேன்.

"ஏலே, ஊதா மட்டும் வேண்டாம்லே!" என்று கத்தினேன்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான்.